நடுக்கடலில் அகதிகள் படகு தத்தளித்தால், அவ்வழியே போகும் கப்பல் காப்பாற்றியே ஆக வேண்டுமா? எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

ஆமாம், கடமைதான். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974-ம் ஆண்டின் சோலாஸ் உடன்படிக்கையும் 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் அதைத்தான் சொல்கின்றன. தவிப்பவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

எப்படி என்பதுதான் கவனிக்க வேண்டியது. எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது; ஆனால் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். அருவியைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் பரிசல்காரர் போடுகிற சத்தம் இருக்கிறதே! லிபியாவிலிருந்து மத்தியதரைக் கடலில் அகதிகளை ஏற்றி வரும் ரப்பர் படகிலும் அதே கதைதான். பெரிய கப்பலைக் கண்டதும் எல்லோரும் அந்தப் பக்கம் எழுந்தால் படகு கவிழ்ந்துவிடும். அதனால் ஓஷன் வைக்கிங் போன்ற மீட்புக் கப்பல்கள் சற்றுத் தள்ளியே நிற்கும். சிறு வேகப்படகுகள் முதலில் போகும்; ஆட்களை உட்காரச் சொல்லி, பதற்றத்தைத் தணித்து, லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. மூழ்கினால்தான் ஆபத்து என்றில்லை. படகின் அடியில் சிந்திய எரிபொருள் உப்புநீரோடு கலந்து தோலை வேகவைத்துவிடும். பெரும்பாலும் நடுவில் உட்காரவைக்கப்படும் பெண்களுக்குத்தான் இந்தப் புண் அதிகம்.

சரி, ஏற்றினால் முடிந்ததா? பாதுகாப்பான இடத்தில் இறக்க வேண்டும். எந்தத் துறைமுகம் என்பதில்தான் அரசுகளுக்குள் இழுபறி. 2013 அக்டோபரில் இத்தாலியின் லாம்பெதூசா தீவருகே அகதிகள் படகு மூழ்கி 360-க்கும் மேற்பட்டோர் இறந்தபின், அந்நாடு 'மாரே நோஸ்ட்ரம்' என்ற பெயரில் மீட்புப் பணிக்குக் கடற்படையையே இறக்கியது. ஒரே வருடத்தில் நிறுத்தியும்விட்டது. அதற்குப் பிறகுதான் தொண்டு நிறுவனக் கப்பல்கள் அங்கே பெருகின.