அமெரிக்கன் ஃபுட்பாலில் ஏழெட்டுப் பேர் பாயப்போவதுபோல் நின்றுவிட்டு நாலு பேர் மட்டும் ஓடுவது ஏன்? சும்மா பூச்சாண்டியா?

பூச்சாண்டி என்று சொன்னதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த நிற்பில்தான் பாதி ஆட்டமே இருக்கிறது. நீங்கள் யூடியூப் ஹைலைட்ஸ் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையில் ஐந்து லைன்மேன்கள், பெரும்பாலும் கூடவே பின்னால் நிற்கும் ஒரு ரன்னிங் பேக். ஆக ஆறு பேர். யார் யாரைத் தடுப்பது என்பதைப் பந்து கைக்கு வருமுன்பே பேசி முடித்தாக வேண்டும். எதிரணியின் இரண்டாம் வரிசைக்காரர்களான இரண்டு லைன்பேக்கர்கள், நடு லைன்மேனான சென்டரின் இரு தோளுக்கும் நேரே வந்து நின்றால் சென்டரும் அவருக்கு இருபக்கமும் நிற்கும் கார்டுகளும் அந்த இருவரை விட்டு நகர முடியாது. ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், இருவரும் பின்வாங்குவார்கள். முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு பக்க டிஃபென்ஸிவ் எண்டும் கூடவே பின்வாங்குவார். மறுபக்கம் ஓரத்திலிருந்து நிக்கல் கார்னர்பேக் (ரிசீவர்களைக் காக்கக் கூடுதலாக இறக்கப்படுபவர்) பாய்வார். எண்ணிப் பாருங்கள்: பதினொரு பேரில் பாய்ந்தது நாலு பேர், பின்னால் ஏழு பேர் பத்திரமாக இருக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கம் மூன்று லைன்மேன்கள் காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்க, இன்னொரு பக்கம் ரன்னிங் பேக் தனியாக மாட்டிக்கொள்கிறார். ஐந்து பேரை அனுப்பிவிட்டுப் பின்னால் ஆழத்தில் மூன்று, அதற்கு முன்னால் மூன்று என்று ஆளுக்கொரு பகுதியைக் காக்க நிறுத்தினால் அது ஸோன் பிளிட்ஸ் (பிளிட்ஸ் என்றால் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆளைப் பாயவிடுவது). 1980களில் சின்சினாட்டி அணியின் பயிற்சியாளர் டிக் லெபோ இதைத்தான் வளர்த்தெடுத்தார். (சொல் ஒவ்வொரு அணிக்கும் மாறும். அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.)

கவரேஜிலும், அதாவது எறியும் பந்தைத் தடுக்கப் பின்னால் நிற்பதிலும், இதே கதை. கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகள் 12 கஜம் தள்ளிச் சமமாக நிற்பார்கள். ஸ்னாப்பில் ஒருவர் நடு ஆழத்துக்கு ஓடுவார், இன்னொருவர் முன்னால் இறங்குவார். கவர் 2 (ஆழத்தில் இரண்டு பேர்) என்று படித்த குவார்ட்டர்பேக் எறியும்போது அது கவர் 3 (ஆழத்தில் மூன்று பேர்) ஆகியிருக்கும். அவருக்கு இருப்பதே இரண்டரை விநாடி சொச்சம். அதில் அரை விநாடி தயங்க வைத்தாலே போதும்.

கடினம் எங்கே என்றால், நேரம். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில், ஸ்னாப்புக்குக் கெடு காட்டும் பிளே கிளாக்கில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் கேட்கும் பயிற்சியாளரின் குரல் நின்றுவிடும். அதற்குமுன் வேஷத்தைக் கலைத்தால் மேலிருந்தே விடை சொல்லிவிடுவார்கள். சேஃப்டி ஒரு அடி முன்கூட்டி நகர்ந்தாலும், குதிகாலில் பாரம் போட்டு இடுப்பைத் திருப்பினாலும் நல்ல குவார்ட்டர்பேக் பிடித்துவிடுவார். குரலை உயர்த்தி ஸ்னாப்புக்குக் கூப்பிடுவதுபோல் ஏமாற்றுவதே அந்த அசைவைப் பார்க்கத்தான். ரொம்ப நேரம் நடித்தாலும் ஆபத்து: பந்து வைக்கப்பட்ட கோட்டருகே நின்ற சேஃப்டி 15 கஜம் பின்னால் போய்ச் சேருமுன் பந்து தலைக்கு மேலே போய்விடும். பின்வாங்கும் லைன்பேக்கருக்கு எதிரே ஓட்ட ஆட்டம் (எறியாமல் பந்தைக் கையோடு கொண்டு ஓடுவது) வந்தால் நடுவில் வாசல் திறந்த மாதிரி. எல்லாவற்றையும்விட அதிகம் அடி வாங்குவது ஒருவருக்கு மட்டும் சைகை போய்ச் சேராதபோது. கார்னர் கவர் 2 என்று முன்னால் நிற்பார், சேஃப்டி கவர் 3 என்று நடுவுக்குப் போவார், ஓரத்தில் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் தனியாக ஓடிக்கொண்டிருப்பார்.

சரியாக விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க 2009 பிப்ரவரி 1, என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் 43, முதல் பாதியின் கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். அரிசோனா கோல் கோட்டுக்கு ஒரு கஜத்தில் நிற்கிறது. பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன் பாய்வதுபோல் காட்டிப் பின்வாங்க, அரிசோனா குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் எறிந்த பந்து நேராக அவர் கையில். 100 கஜம் ஓடி டச்டவுன். "அது ஹாரிசனே எடுத்த முடிவு, திட்டத்தில் பாயத்தான் சொல்லியிருந்தார்கள்" என்று சிலர் வருவார்கள். இருக்கட்டும், வார்னர் கண்ணுக்குத் தெரிந்தது பாய்ச்சல்தானே.

இன்னொன்று. தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவைக் கோட்டருகிலேயே வைத்துக்கொண்டு சேஃப்டிகளை வெட்டிவிடுகிறார்கள், பிறகு ஐந்து பேர் வந்தாலும் நாலு பேர் வந்தாலும் வர்ணனையில் "பிளிட்ஸ்!" என்று கூவுகிறார்கள். 22 பேரும் தெரியும் மேல்கோணப் பதிவு கிடைத்தால் அதைப் பாருங்கள். ஸ்னாப் வரை பந்தைப் பார்க்காமல் சேஃப்டியின் காலைப் பாருங்கள்.