காதில் ஓயாத இரைச்சல், கண்ணில் ஓயாத புள்ளிகள்: இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: சில வருடங்களாக இரண்டு காதிலும் ‘ஙொய்’ என்ற இரைச்சல். இப்போது சில மாதங்களாகச் சுவரைப் பார்த்தாலும் வானத்தைப் பார்த்தாலும் பார்வை முழுக்க நுண்ணிய புள்ளிகள் துடிக்கின்றன. கண் மருத்துவர் ‘கண்ணில் ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார். பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கம் இல்லை. மாத்திரை உண்டா, வேலை பார்க்க முடியுமா, இரவில் வண்டி ஓட்டலாமா?

எனக்கும் இரண்டும் பல வருடங்களாக உண்டு. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அதாவது நாள் முழுக்க வெள்ளைத் தாளையும் வெள்ளைத் திரையையும் உற்றுப் பார்ப்பதற்குத்தான் எனக்குக் கூலி. இந்தத் தொந்தரவு மிக நன்றாகத் தெரியும் இடமும் அதுதான். இருந்தும் பார்வை போகவில்லை. சந்திப்பிழை இன்னும் என்னிடம் சிக்காமல் போவதில்லை.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் காத்திருக்கக்கூடாத அறிகுறிகள் சில உண்டு, அவற்றைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். ஒரு கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுகிறது, கரும்புள்ளிகள் கொத்தாக வந்து விழுகின்றன, பார்வையின் ஓரத்திலிருந்து திரை இறங்குகிறது என்றால் விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். அன்றைக்கே போகவேண்டும். காது இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறது, கூடவே தலைவலி, குனிந்து நிமிரும்போது சில நொடி பார்வை மங்குகிறது என்றால் மண்டைக்குள் திரவ அழுத்தம் ஏறியிருக்க வாய்ப்புண்டு. எடை கூடிய இளம் பெண்களிடம் இது அதிகம். கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகக் குறையும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்ததும் உள்ளே பார்த்தால் பார்வை நரம்பின் வீக்கம் தெரிந்துவிடும். ஒரு காது திடீரென்று மந்தமானால் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தரும் ஸ்டீராய்டு, நாள் கடக்கக் கடக்கப் பயன் குறையும் மருந்து. இரைச்சல் ஒரே காதில் மட்டும் என்றால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், மறுக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லை, ஓசிடி (விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சோதனை), ஃபீல்டு டெஸ்ட் (பார்வையின் பரப்பை அளக்கும் சோதனை) எல்லாம் சரி, ஆனால் புள்ளிகள் மட்டும் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் இருக்கின்றன என்றால் நீங்கள் விவரிப்பதற்குப் பெயர் இருக்கிறது: விஷுவல் ஸ்னோ சிண்ட்ரோம். தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தில் ஒளிபரப்பு நின்றதும் திரையில் பொரியுமே, அதை மெல்லிய கண்ணாடித்தாளில் அச்சடித்து உலகத்தின் மேல் ஒட்டியது மாதிரி. 1995இல் ஒற்றைத் தலைவலி நோயாளிகள் சிலரைப் பற்றி எழுதும்போது இது மருத்துவ இதழில் முதலில் பதிவானது. தலைவலியின் வால் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2014இல்தான் ஷாங்கின், கோட்ஸ்பி என்ற நரம்பியல் மருத்துவர்களின் குழு இது தனி நோய் என்று வரையறுத்தது. புள்ளிகள் மூன்று மாதத்துக்கு மேல் ஓயாமல் இருக்கவேண்டும். அதோடு, பார்த்த பொருளின் பிம்பம் பார்வையில் தங்கிவிடுவது, கண்ணுக்குள் மிதக்கும் நூல்களும் ஒளிப்பொட்டுகளும் அளவுக்கு மீறித் தெரிவது, வெளிச்சம் கூசுவது, இருட்டில் பார்வை தடுமாறுவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். ஒற்றைத் தலைவலியில் வரும் நெளிகோடு வேறு. அது பெரும்பாலும் 5 நிமிடமாவது நீடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கலைந்துவிடும். நம்முடையது கலைவதில்லை.

உங்கள் மருத்துவர் ‘கண்ணில் ஒன்றுமில்லை’ என்றது பொய்யில்லை. கண்ணில் ஒன்றுமில்லைதான். மூளையின் பின்பக்கம், பார்வையைக் கையாளும் பகுதியில் வழக்கத்தைவிட அதிகமாக வேலை நடப்பதை பெட் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். என்னைப் பார்த்த ஒருவர் அத்தோடு நிற்காமல், ‘எல்லாம் மனசுதான், கல்யாண வயசுல பிள்ளைங்க இருக்காங்களா?’ என்று கேட்டார். பிறகு நரம்பியல் கண் மருத்துவப் பிரிவு இருக்கும் இடத்துக்குப் போனேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு.

காதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? 2020இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் காதிரைச்சலும் இருந்தது. தற்செயல் என்று சொல்ல முடியாத அளவு. எல்லோருடைய நரம்பிலும் ஓயாமல் ஒரு பின்னணிச் சலசலப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மூளை அதை வேண்டாதது என்று ஓரம்கட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அந்த ஓரம்கட்டும் வேலை சரியாக நடக்காதபோது காதில் இரைச்சலாகவும் கண்ணில் புள்ளிகளாகவும் வெளியே வருகிறது என்பதுதான் இப்போது பலர் முன்வைக்கும் விளக்கம்.

கரண்ட் போகும் இரவில் இது எனக்குக் கண்கூடாகத் தெரியும். மின்விசிறி நின்றதும் அதன் சத்தத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த இரைச்சல் முன்னுக்கு வருகிறது. அதே நொடியில் வெளிச்சமும் போவதால் இருட்டு முழுக்கப் புள்ளிகள் கலங்கி எழுகின்றன. இரண்டும் கூடவில்லை, அவற்றை மறைத்திருந்தவைதான் விலகின. நோய் முற்றிவிட்டது என்று அந்த நேரத்தில் தோன்றும், நம்பாதீர்கள். இன்வெர்ட்டர் உயிர் பெற்றதும் இரண்டும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

சமாளிப்பதில் பாதி இங்கே இருக்கிறது. காதுக்கு முழு அமைதியைக் கொடுக்காதீர்கள், கண்ணுக்கு முழு இருட்டையும் வெறும் வெண்மையையும் கொடுக்காதீர்கள். இரவில் எனக்கு ஃபேன் போதும். குளிர்காலத்தில் டேபிள் ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து ஓடவிடுகிறேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரைச்சலை அடியோடு மூழ்கடிக்கும் அளவுக்குச் சத்தம் வைப்பது வேண்டாம். இரைச்சலும் கொஞ்சம் கேட்கவேண்டும், அப்போதுதான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்ளும். 1990இல் யாஸ்ட்ரெபாஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த பயிற்சி முறையின் அடிப்படை இதுதான். கேட்கும் திறன் சோதனையில் குறைவு தெரிந்தால் காது கேட்கும் கருவி பொருத்திக்கொள்ள வெட்கப்படாதீர்கள். வெளிச்சத்தம் சரியாக உள்ளே வந்தாலே பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது.

கண்ணுக்கு நான் செய்திருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் மேசையைச் சுற்றித்தான். படியெடுக்கும்போது பளீர் வெள்ளைத் தாள் வேண்டாம், நேச்சுரல் ஷேடில் எடுங்கள் என்று பதிப்பகங்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். புத்தகத்துக்கே பயன்படும் தாள் என்பதால் அவர்களுக்கும் சிரமமில்லை. கணினியில் பின்னணியை வெளிறிய சந்தன நிறத்துக்கு மாற்றியிருக்கிறேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். பிம்பம் தங்கும் பிரச்சினை இருப்பவர்களுக்கு அது தண்டனை. எழுத்து வரிகள் கோடு கோடாகக் கண்ணில் நின்றுவிடும். தாளிலும் இது உண்டு. ஒரு பக்கம் முடித்து அடுத்ததைப் புரட்டினால் பழைய பக்கத்தின் வரிகள் புதிய பக்கத்தின் மேல் ஒரு கணம் படுத்திருக்கும், பிறகு மெல்ல அழியும். அதற்காகச் சாம்பல் நிற அட்டையில் இரண்டு வரி அகலத்துக்கு ஒரு நீள்சதுரம் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் வைத்து நகர்த்தி வாசிக்கிறேன். வரி தாவாது, பிம்பமும் அவ்வளவாக எழாது. பிழை பிடிப்பதற்கும் அதுவே நல்ல முறை என்பது உபரி லாபம். மினுக்கும் பழைய டியூப்லைட்டை எடுத்துவிட்டு, மேசை விளக்கின் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்புமாறு வைத்திருக்கிறேன். எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்புச் சாயல் கண்ணாடி சிலருக்குக் கூச்சத்தைக் குறைக்கிறது. ஆனால் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். கண் இருட்டுக்குப் பழகிப் பழகி, கூச்சம் இன்னும் கூடும்.

அடுத்தது சோதித்துப் பார்க்கும் பழக்கம். இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் எல்லோரும் செய்வது இது. காலையில் எழுந்ததும் வெள்ளைச் சுவரைப் பார்த்து ‘இன்று கூடியிருக்கிறதா’ என்று அளப்பது, காதைக் கையால் பொத்திக்கொண்டு கேட்பது, மொட்டைமாடியில் நின்று வானத்தில் புள்ளி எண்ணுவது. உங்கள் கேள்வியிலும் அதன் வாடை இருக்கிறது. இந்தச் சோதனைகளில் ஆரோக்கியமானவர்களும் தேறமாட்டார்கள். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் செவித்திறன் இயல்பாக உள்ள 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். நீல வானத்தில் விறுவிறுவென்று ஓடும் வெண்பொட்டுகள், விழித்திரையின் தந்துகிகளில் ஊர்ந்துபோகும் வெள்ளை அணுக்களால் தெரிபவை. சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ள, வெள்ளை அணு வரும் இடத்தில் மட்டும் ஒளி தப்பிவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் உங்கள் பக்கத்துவீட்டுக்காரருக்கும் தெரியும்; அவருக்கு வேறு வேலை இருப்பதால் பார்ப்பதில்லை. நீங்கள் அளக்க அளக்க, ‘இது முக்கியம், காவல் இரு’ என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். காதிரைச்சலின் வேதனையைக் குறைப்பதில் நன்றாக நிரூபணமான சிகிச்சை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் ஆலோசனை முறை. அது குறிவைப்பதும் இந்தக் காவலைத்தான். கண் புள்ளிகளுக்கும் மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) அடிப்படையில் லண்டனில் முயன்று பார்த்து நம்பிக்கை தரும் முடிவுகளை எழுதியிருக்கிறார்கள். ஆகவே மனநல நிபுணரிடம் அனுப்பினால் ‘என்னைப் பைத்தியம் என்கிறார்களா’ என்று கொதிக்காதீர்கள். தூக்கமே இல்லை, வாழ்க்கையே கசக்கிறது என்ற நிலை வந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. புள்ளிகளை நிறுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. வலிப்புக்குத் தரும் லாமோட்ரிஜின் சிலருக்குக் கொஞ்சம் குறைக்கிறது, பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. நரம்பியல் மருத்துவர் சொன்னால் மட்டுமே. காதுக்கென்று நம்மூரில் தாராளமாக எழுதித்தரும் ஜிங்கோ மாத்திரையை, துத்தநாக மாத்திரையையும் சேர்த்து, அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டி பரிந்துரைக்கக்கூடாது என்றே சொல்கிறது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்லி ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். காபியை நிறுத்திப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, மறுபடியும் குடிக்கிறேன். தூக்கம் கெட்டால் மட்டும் மறுநாள் இரண்டும் வெளிப்படையாக ஏறுகின்றன.

பார்வை போகுமா என்ற பயத்துக்கு: இந்த நோய் பார்வையை அழித்துக் குருடாக்குவதில்லை. அந்த 2020 ஆய்வில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர், நினைவு தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள்தான் அவர்கள்.

இரவு வண்டிதான் மிச்சம். இருட்டில் பார்வை தடுமாறினால், எதிரே வரும் ஹெட்லைட் கண்ணில் கோடிழுத்து நின்றால், ஓட்டாதீர்கள். இதில் மனதைரியம் காட்டிப் பயனில்லை. நான் பொழுது சாய்ந்தபின் பஸ்ஸில்தான் வருகிறேன். ஓட்டியே தீரவேண்டும் என்றால், தெரிந்த பாதையில், விளக்குள்ள சாலையில் மட்டும். ‘நைட் டிரைவிங்’ என்று விற்கும் மஞ்சள் கண்ணாடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அது இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும். அந்தக் காசில் ஹெல்மெட்டின் கீறல் விழுந்த முகக்கண்ணாடியை மாற்றுங்கள். அந்தக் கீறல்களில் சிதறும் வெளிச்சம் நம் புள்ளிகளைவிட மோசமானது, அதை மாற்றிவிடவும் முடியும்.