கன்வெர்ட்டரில் அரம் வைக்கலாமா?

கேள்வி: என்னிடம் பழைய நிக்கான் 300 மி.மீ. எஃப்/4 லென்ஸ் இருக்கிறது, உள்ளே மோட்டார் இல்லாத வகை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி படத்தைப் பெரிதாக்கும் நிக்கானின் 1.4 எக்ஸ் டெலிகன்வெர்ட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், லென்ஸில் ஏறவே இல்லை. கன்வெர்ட்டரில் லென்ஸ் மாட்டும் வளையத்தில் உள்ள ஒரு சின்னப் பல்லை ராவிவிட்டால் ஏறும் என்கிறார்கள். மூக்கனேரியில் வக்கா பறவையைப் படம் எடுக்க ஆசை. ராவலாமா?
- வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: தாராளமாக ராவலாம், ஆனால் கன்வெர்ட்டரை மட்டும்தான். லென்ஸ் பக்கம் அரம் போகவே கூடாது. கன்வெர்ட்டர் கெட்டால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம், அந்த லென்ஸ் அப்படியில்லை.

அந்தப் பல் எதற்கு என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். உங்கள் லென்ஸின் ஃபோகஸைத் திருப்புவது கேமராவில் இருக்கும் மோட்டார். அந்தச் சுழற்சியைக் கடத்தும் தண்டு இந்த கன்வெர்ட்டரில் கிடையாது, அதனால்தான் இந்த மாதிரி லென்ஸ் ஏறாதபடி பல்லை வைத்துத் தடுத்திருக்கிறார்கள். பல்லை எடுத்தாலும் ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருக வேண்டும். வக்கா தண்ணீர் ஓரம் அசையாமல் நிற்கிற பறவை, அதற்கு இது போதும். 300 என்பது 420 ஆகும், எஃப்/4 என்பது எஃப்/5.6 ஆகும், அதாவது வெளிச்சம் பாதியாகிவிடும்.

ராவும் முன் இன்னொரு வேலை. கன்வெர்ட்டரின் முன் கண்ணாடி எவ்வளவு முன்னால் வருகிறது, லென்ஸின் பின் கண்ணாடி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று ஒரு அட்டைத் துண்டை வைத்து, கண்ணாடியில் படாமல், அளந்து பாருங்கள். ஃபோகஸை இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் வைத்து இரண்டு முறை அளக்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

நான் முதல் தடவை செய்தபோது வளையத்தைக் கழற்றாமல், கண்ணாடி மேல் டேப்பை ஒட்டிவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து ராவினேன். டேப்பின் ஓரத்தில் ஒரு துளி உலோகத் தூள் நுழைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. பிறகு துணியால் துடைத்தபோது நறநறவென்று ஒரு சத்தம், கண்ணாடியில் முடி மாதிரி ஒரு கீறல். எதிர்வெயிலில் எடுக்கும் படங்களில் அது இன்றைக்கும் தெரிகிறது. அதனால் வளையத்தைக் கழற்றியே ராவுங்கள். அதில் இருப்பவை ஜப்பான் திருகுகள், அதற்கென்று இருக்கும் ஜேஐஎஸ் திருப்புளியைப் போடாவிட்டால் திருகின் தலை தேய்ந்துவிடும். வளையத்துக்கு அடியில் மெல்லிய தகடு ஏதாவது இருந்தால் அது இருந்த இடத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளையம் மட்டும் கையில் வந்த பிறகு என்ன பயம்? சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கா பஞ்சம், பொடி அரம் பிடித்துப் பழகிய கை கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பல்லுக்குச் சமமாக ராவிக் கொடுத்துவிடும். அப்புறம் வளையத்தை நன்றாகக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள்.

கேள்வி: கேனானின் பழைய எஃப்டி வகை டெலி லென்ஸை நிக்கான் எஸ்எல்ஆரில் ஒரு அடாப்டர் போட்டு மாட்டினேன். இங்கே மலைமேல் இருக்கும் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து கீழே சேலம் விளக்குகளை எடுத்தால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. அடாப்டரைக் கடைசல் பட்டறையில் கொடுத்து மெல்லிசாக்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம், பணம்தான் வீண். எஃப்டி லென்ஸ் சென்சாரிலிருந்து 42 மி.மீ. தூரத்தில் உட்கார வேண்டியது. நிக்கானில் லென்ஸ் உட்காரும் முகப்பே 46.5 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. அடாப்டர் தாள் கனத்துக்கு இருந்தாலும் நாலரை மி.மீ. அதிகம்தான், அதனால் பக்கத்தில் இருப்பது தெளியும், மலைக்குக் கீழே இருப்பது தெளியாது. இதே லென்ஸைச் சோனியின் மிரர்லெஸ் கேமராவில் மாட்டுங்கள். அங்கே அந்தத் தூரம் வெறும் 18 மி.மீ., மீதி 24 மி.மீட்டருக்குக் கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் போதும். மலிவான குழாய்களின் உட்புறம் பளபளக்கும், படம் வெளிறிப்போகும். தூசி உதிராத கறுப்பு வெல்வெட் தாளை உள்ளே ஒட்டுங்கள், கறுப்பு கறுப்பாகவே விழும். இந்த ஒரு வேலையை எல்லாருக்கும் சொல்வேன், யாரும் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: 2 எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு ஊருக்குள்ளிருந்து சேர்வராயன் மலையை மதியம் எடுத்தேன். எல்லாப் படமும் அலையடிக்கிறது. கன்வெர்ட்டர் மட்டமா?
- வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: காற்று சூடாகி நெளிகிறது, கன்வெர்ட்டர் அதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மழை பெய்து விட்ட மறுநாள் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் அதே இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் எழுதுங்கள், கன்வெர்ட்டரைப் பார்க்கலாம்.