பியானோ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு ட்யூனர் சொல்லும் பதில்கள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இருபத்துநாலு வருஷமாகப் பியானோவுக்குச் சுருதி சேர்த்து வருகிறேன். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை எந்த வீட்டில், எந்த ஆலயத்தில் பியானோ கிடக்கிறது என்று கேட்டால் அநேகமாகச் சொல்லிவிடுவேன். ஷோரூமுக்குப் போனால் எதைப் பார்க்க, எப்படி வாசித்துப் பார்க்க என்று பலர் கேட்டிருந்தார்கள். கட்டை என்று நான் எழுதுவது கீயைத்தான். ஆர்மோனியத்தில் கைபழகியவன், வாய் மாறவில்லை.

மகள் டிரினிட்டி இசைப் பரீட்சையில் மூன்றாம் கிரேடு முடித்துவிட்டாள். பியானோ பார்க்கப் போகிறோம். எனக்கு சரிகம கூடத் தெரியாது. நான் என்னத்தைப் பார்க்க? (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அப்பா)

சார், வாசிக்கத் தெரியாதவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. முதலில் விற்பனைப் பையனை வாசிக்க விடாதீர்கள். ஒலியை நீட்டித்து நிறுத்தும் வலது பெடலை மிதித்தபடி அவன் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பொழிவான். டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், உயரமான கூரை. அந்த ஹாலில் தகர டப்பாவைத் தட்டினால்கூட இனிமையாகத்தான் கேட்கும். உங்கள் வீட்டு முன்னறையில் சோபாவும் திரைச்சீலையும் கிடக்கும். அங்கே அந்தச் சத்தம் வராது.

மகளை உட்கார வையுங்கள். பெஞ்சின் உயரத்தை மாற்றி, முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வரட்டும். அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டை எல்லாப் பியானோவிலும் வாசிக்கட்டும், பெடல் இல்லாமல், முடிந்த அளவு மெல்ல. சத்தமாக வாசித்தால் எந்தப் பியானோவும் தப்பித்துக்கொள்ளும். மெல்ல வாசித்தால்தான் குட்டு வெளிப்படும்.

அடுத்தது நீங்களே செய்யலாம். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக, ஒரே அழுத்தத்தில், 88 கட்டையும் அடியுங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பாஸில், அதாவது இடது பக்கக் கீழ்ஸ்தாயியில், செம்புக் கம்பி சுற்றிய தந்திகள் முடிந்து வெறும் எஃகுத் தந்திகள் தொடங்கும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் குரல் ஆளே மாறினதுபோல் கேட்டால், அந்தப் பியானோவை வடிவமைத்தவர் அங்கே கோட்டைவிட்டிருக்கிறார். ட்யூன் பண்ணி அதைத் திருத்த முடியாது.

அப்ரைட், கிராண்ட் இரண்டுக்கும் விலையைத் தவிர என்ன வித்தியாசம்? (நாகர்கோவில், கல்லூரி மாணவி)

தங்கச்சி, கட்டையை அழுத்தினால் தந்தியை அடிக்கும் ஃபெல்ட் சுற்றிய சுத்தியல்தான் ஹாமர். அது எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். கிராண்டில் தந்திகள் படுத்திருக்கும், ஹாமர் கீழேயிருந்து மேலே போய் அடித்துவிட்டுத் தன் எடையிலேயே கீழே விழும். அப்ரைடில் தந்திகள் நிமிர்ந்து நிற்கும். ஹாமர் பக்கவாட்டில் போய் அடிக்கும், அதைத் திருப்பி இழுக்கச் சின்ன ஸ்பிரிங் வேண்டும். கிராண்டில் இன்னொரு தந்திரமும் உண்டு. கட்டை முழுக்க மேலே வராமலே மறுபடி அடிக்கலாம். எரார் என்ற பிரெஞ்சுப் பியானோக் கம்பெனி 1821-ல் காப்புரிமை எடுத்த ஏற்பாடு அது.

கடையில் சோதிக்க, நடுவில் ஒரு கட்டையை மூன்று விரல் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டிப் பார். அப்ரைட் எங்கே திணறுகிறது என்று விரலே சொல்லும். அதற்காகக் குட்டி கிராண்டைப் பார்த்து மயங்கிவிடாதே. பாஸுக்கு நீளத் தந்தி வேண்டும். ஒன்றரை மீட்டருக்கும் குறைவான கிராண்டைவிட உயரமான அப்ரைடில் பாஸ் நன்றாக இருப்பது சகஜம். யமஹாவின் அப்ரைடுகளில் யு1 என்பது 121 சென்டிமீட்டர் உயரம், யு3 என்பது 131. அந்தப் பத்து சென்டிமீட்டரைக் கீழ்ஸ்தாயியில் கேட்கலாம்.

வீடு கடலுக்குப் பக்கம். இரும்புக் கேட்டே மூன்று வருஷத்தில் உதிர்ந்துபோகிறது. பியானோ தாங்குமா? (குளச்சல்)

பட்டதைச் சொல்கிறேன். உங்கள் பக்கத்தில்தான், கடற்கரையிலிருந்து நாலாவது வீடு. ஒரு அப்ரைட், வாங்கி ஆறு வருஷம். கீழ்ப் பலகையைக் கழற்றினேன். பாஸ் தந்திகளின் செம்புச் சுற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் பின்கள் துருப்பிடித்துச் சிவந்திருந்தன. பெடல் கம்பிக்குப் பக்கத்தில் ஃபெல்ட்டைக் கடித்துக் குதறி எலி கூடு கட்டியிருந்தது. உள்ளே கண் திறக்காத ஐந்து குட்டிகள். வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அதுக்குத்தானா மக்களே மூணு மாசமா அடிப்பக்கம் சத்தமே வரல்ல” என்றார்.

ஆகவே அலைச்சத்தம் கேட்கும் வீடென்றால் என் ஓட்டு, தந்தியே இல்லாமல் கரண்டில் ஒலிக்கும் டிஜிட்டல் பியானோவுக்கு. இல்லை, அசல் பியானோதான் என்றால் கடல் பார்த்த சன்னலிலிருந்து தள்ளி, உள்சுவர் ஓரமாக வையுங்கள். பெட்டிக்குள் வைக்கும் சூடேற்றும் கம்பி கிடைக்கும், டேம்ப் சேசர் என்பார்கள். ஈரம் கண்டால் லேசாகச் சூடாகும். கடைக்காரரிடம் விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

உப்புக்காற்று மட்டும் அல்ல. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. மழையில், தந்தியின் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சவுண்ட்போர்டுப் பலகை ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும். மாசி பங்குனியில் காயும், இறங்கும். கொட்டுகிற மழையில் என்னைக் கூப்பிட்டு ட்யூன் பண்ணச் சொன்னால், வெயில் வந்ததும் மறுபடி கூப்பிடுவீர்கள். எனக்கு லாபம்தான்.

செகண்ட் ஹேண்ட் ஜப்பான் பியானோ, முப்பது வருஷம் பழையது. வாங்கலாமா? (தக்கலை)

வயதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பராமரித்த பியானோவுக்கு முப்பது ஒரு வயதே இல்லை. கையில் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள், மொபைல் வெளிச்சமே போதும். மேல்மூடியைத் திறந்து ஹாமர்களைப் பாருங்கள். தந்தி பதிந்த கோடு லேசாக இருந்தால் ஃபெல்ட்டைச் சீவிச் சரிசெய்யலாம். வாய்க்கால் மாதிரி வெட்டியிருந்தால் ஆயுசு போய்விட்டது. பிறகு ட்யூனிங் பின்கள். தந்திகளின் மொத்த இழுவை பதினைந்து டன்னுக்கும் மேல். அந்தப் பாரத்தைச் சுமப்பது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம், ஆனால் பின்கள் நழுவாமல் பிடித்து நிற்பது அவை இறங்கியிருக்கும் மரக்கட்டைதான். அது தளர்ந்திருந்தால் ஒன்றிரண்டு ஸ்வரம் மட்டும் தனியாகக் கோணும். “ட்யூன் பண்ணினால் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் சொன்னால், “பண்ணி வையுங்கள், பத்து நாள் கழித்து வந்து கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்து நாள் நின்றால் வாங்குங்கள்.

மெழுகுவர்த்தித் தாங்கி வைத்த பழைய இங்கிலீஷ் பியானோவைக் காட்டினால் தொட்டுப் பார்த்து ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு, கட்டையை விட்டதும் தந்தியை அடக்கும் டேம்பர் ஹாமருக்கு மேலே இருக்கும். தந்தியைச் சரியாக அடக்காது. வரவேற்பறைக்கு அழகு. பிள்ளை படிப்பதற்கு ஆகாது.

டிஜிட்டல் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? (கருங்கல்)

88 கட்டை, அதுவும் அசல் பியானோபோல் அழுத்தினால் கனம் தெரியும் எடையுள்ள கட்டை. ஆலயங்களில் வைத்திருக்கும் 61 கட்டைக் கீபோர்டில் பழகின பிள்ளைக்குப் பரீட்சையில் அசல் பியானோவைத் தொட்டால் விரல் ஓடாது. ஐந்நூறு டோன், இருநூறு ரிதம் என்று அடுக்குவார்கள், காதில் வாங்காதீர்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மெல்ல வாசித்துப் பாருங்கள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, கட்டை அடிபடும் ‘டொக் டொக்’ எவ்வளவு என்று கேளுங்கள். கீழ்வீட்டுக்காரர் அதைத்தான் கேட்கப்போகிறார்.

வாங்கக் காசில்லை. சும்மா தொட்டுப் பார்க்க ஆசை. போனால் விரட்டிவிடுவார்களா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவட்டாறு)

ஐயா, தாராளமாகப் போங்கள். நம்ம ஊர்க் கடைகளில் நான் பார்த்தவரை கீபோர்டும் டிஜிட்டலும்தான். சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது, 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கின கடை. எங்கே போனாலும் முதலில் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு, வேலைநாள் காலையில், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், கறுப்புப் பாலிஷில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குத்தான் கோபப்படுவார்கள். “வாங்க வரவில்லை, கேட்கத்தான் வந்தேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பாதிப் பேர் கிராண்டின் மூடியையே திறந்து காட்டுவார்கள். அவர்களுக்கும் நாள் முழுக்கப் பேச்சுத்துணை வேண்டுமே.

ஒன்று செய்யுங்கள். வலது பெடலை மிதித்துக்கொண்டு அடிப்பக்கத்தில் ஒரே ஒரு கட்டையை அடித்துவிட்டுச் சும்மா இருங்கள். அந்த ஒலி எப்போது ஓய்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது.

பியானோ வீட்டுக்கு வந்த அன்றே சுருதி கோணலாக இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (இரணியல்)

இல்லை அண்ணாச்சி. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள சாமான், லாரியில் குலுங்கி, ஏசி ஹாலிலிருந்து நம்ம ஈரக்காற்றுக்கு வந்திருக்கிறது. இரண்டு மூன்று வாரம் தொடாமல் விடுங்கள், புது இடத்துக்குப் பழகட்டும். அதற்குப் பிறகு ட்யூனரைக் கூப்பிடுங்கள். வாங்கும்போதே முதல் ட்யூனிங் விலைக்குள் அடக்கம் என்று பில்லில் எழுதி வாங்கியிருந்தால் செலவும் உங்களுக்கு இல்லை. எழுதி வாங்கவில்லை என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். வீடு மாடியில் என்றால் ஏணிப்படியைக் கண்டிப்பாகப் பார்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.