60 மீட்டர் சொட்டுநீர் வரிசையில் கடைசிச் செடிகள் வாடுவது

60 மீட்டர் நீளத்தில் 11 தக்காளி வரிசை, 1 ஹெச்பி மோட்டார், கடைசிச் செடிகள் வாடுகின்றன, மோட்டாரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரை மாற்ற வேண்டாம், சப்மெயினை (வரிசைகளுக்குத் தண்ணீரைப் பிரித்துத் தரும் குழாய்) இடம் மாற்றுங்கள். இப்போது பாத்தியின் தலைப்பில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவந்து, இருபுறமும் 30 மீட்டராக லேட்டரலை (செடி வரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாய்) பிரித்துவிடுங்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 30 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் (குழாயில் தண்ணீர் சொட்டும் இடம்) என்றால் வரிசைக்கு 200. மணிக்கு 4 லிட்டர் வீதம் 800 லிட்டர். 16 மி.மீ. குழாயில் அவ்வளவு தண்ணீர் ஓடினால் உராய்விலேயே அழுத்தம் குறைந்துவிடும். நீங்கள் சொன்ன 11 வரிசையும் சேர்ந்தால் 8,800 லிட்டர். 1 ஹெச்பி மோட்டாருக்கு அது பெரிய சுமை. ஆகவே 6, 5 வரிசையாக இரண்டு வால்வு போட்டு முறைவைத்துப் பாய்ச்சுங்கள்.

குழாயை வெட்டும் முன் ஒரு சோதனை. தலைப்பில் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர், ஒரே நேரத்தில் சொட்டுவானுக்கடியில் கிண்ணம் வைத்து 6 நிமிடம் பிடியுங்கள். 400 மி.லி. வர வேண்டும். தலைப்பிலிருந்து கடைசிக்குப் போகப் போகக் குறைந்தால் அழுத்தக் குறைவுதான் காரணம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. அடைப்பு என்றால் டிஸ்க் ஃபில்டரை (தண்ணீரை வடிகட்டும் வட்டத் தட்டு வடிகட்டி) கழுவி, எண்ட் கேப்பை (குழாய் முனை மூடி) திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

கடைசிச் செடிக்காகக் கூடுதல் நேரம் மட்டும் ஓட்டாதீர்கள். தலைப்புத் தக்காளி வேர் அழுகும், போட்ட யூரியாவும் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

இதெல்லாம் சமநிலத்துக்கு. நிலம் சரிவு என்றால் சப்மெயின் நடுவில் அல்ல, மேட்டுப்பக்கம் தள்ளி வரவேண்டும்.