ஊனோ சீட்டாட்டம் ஆடுவது எப்படி? +2 விழுந்தால் பதிலுக்கு +2 போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். ஆளுக்கு எத்தனை சீட்டு போடுவது, ஸ்கிப், ரிவர்ஸ், வைல்ட் எல்லாம் என்ன செய்யும், +2 விழுந்தால் பதிலுக்கு +2 போட்டுத் தப்பிக்கலாமா. மூன்றாவதுதான் உங்களை இங்கே வரவைத்த கேள்வி என்று நினைக்கிறேன். விடுமுறைக்குப் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், பெட்டிக்குள் இருந்த விதித்தாள் எங்கோ போய்விட்டது, ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள், கடைக்குட்டி அழுதிருக்கும். சரிதானே?

அதற்கே முதலில் பதில். போடக் கூடாது. உங்கள்மேல் +2 விழுந்தால் இரண்டு சீட்டு எடுக்கிறீர்கள், உங்கள் முறையும் போய்விடுகிறது. எடுத்த பிறகு "சரி, இப்ப நான் இறக்குறேன்" என்பதும் கிடையாது. கையில் இன்னொரு +2 இருந்தாலும் அதைப் போட்டு அடுத்தவர் தலையில் நான்காகக் கட்ட மூல விதியில் இடமில்லை. அடுத்தவரை நான்கு சீட்டு எடுக்க வைக்கும் +4க்கும் அப்படியே. தயாரிக்கும் மேட்டல் நிறுவனமே 2019இல் இதை வெளிப்படையாகச் சொன்னது. "எங்க வீட்டுல வருஷக்கணக்கா இப்படித்தான் ஆடுறோம்" என்று சிலர் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். தாராளமாக ஆடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அது உங்கள் வீட்டு விதி என்று தெரிந்து ஆடுங்கள். புதிதாக உட்காருபவருக்குச் சீட்டு போடும் முன்பே சொல்லிவிடுங்கள். பாதி ஆட்டத்தில் சொன்னால் அதற்குப் பெயர் அழுகுணி ஆட்டம்.

இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் ஊனோவின் இரண்டு விதிகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். ஒன்று, +4 இறக்குவதற்கான நிபந்தனை. இன்னொன்று, புள்ளிக் கணக்கு. இவை இரண்டும் போனால் யாருக்கு நல்ல சீட்டு வந்தது என்பது மட்டும்தான் மிச்சம். அப்புறம் "அதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம், சின்னப் பிள்ளைங்க ஆட்டம்" என்று ஒதுக்குகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது.

ஆட ஆரம்பிக்கும் முன் கட்டை எண்ணுங்கள். பழைய கட்டு என்றால் 108 இருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 0 ஒன்று, 1 முதல் 9 வரை இரண்டிரண்டு, ஸ்கிப் இரண்டு, ரிவர்ஸ் இரண்டு, +2 இரண்டு. ஆக நிறத்துக்கு 25. நிறமில்லாத வைல்ட் நான்கு, +4 நான்கு. இப்போது வரும் சில கட்டுகளில் 112 இருக்கும். வெற்றுச் சீட்டுகளும், எல்லார் கைச்சீட்டையும் வாங்கிக் கலைத்துத் திருப்பிப் போடச் சொல்லும் சீட்டும்தான் அந்தக் கூடுதல். ஆட்டம் பழகும்வரை அந்த நான்கையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, பெரிய எண் வந்தவர் சீட்டு போடலாம். எண் இல்லாத சீட்டு வந்தால் அது பூஜ்யம். ஆளுக்கு ஏழு. மீதியைக் கவிழ்த்து நடுவில் வைத்து, மேல் சீட்டை நிமிர்த்திப் பக்கத்தில் போடுங்கள். பத்துப் பேர் வரை ஆடலாம். ஆனால் பத்துப் பேர் உட்கார்ந்தால் எடுக்கும் கட்டில் 37 சீட்டுதான் மிஞ்சும், சீக்கிரம் தீரும். தீர்ந்தால் இறக்கிய குவியலில் மேல் சீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துக் கவிழ்க்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு பேர் என்றால் ஆட்டம் நன்றாக இருக்கும்.

கலைப்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். இந்த ஆட்டத்தில் ஒரு நிறத்தின்மேல் அதே நிறம்தான் பெரும்பாலும் விழுகிறது. அதனால் இறக்கிய குவியலில் சிவப்பெல்லாம் சேர்ந்தே கிடக்கும், பச்சையெல்லாம் சேர்ந்தே கிடக்கும். அதை இரண்டு தட்டு தட்டித் திரும்பப் போட்டால் ஒருவர் கையில் ஏழும் இரண்டே நிறமாக வரும். 108 சீட்டு சின்னக் கைகளுக்கு அடங்கவும் அடங்காது. பாயில் மொத்தமாகக் கொட்டி, கவிழ்த்தபடியே இரண்டு கையாலும் நன்றாகத் துழாவி அள்ளுவதுதான் சுலபம், அதுதான் சரியாகவும் கலையும்.

நிமிர்த்திய முதல் சீட்டிலேயே சிலருக்குச் சண்டை வந்துவிடும். அது +4 என்றால் கட்டுக்குள் திரும்பச் செருகி வேறு எடுங்கள். வைல்ட் என்றால் முதலில் ஆடுபவர், அதாவது போட்டவருக்கு இடப்பக்கம் இருப்பவர், நிறம் சொல்லி ஆட்டத்தைத் தொடங்குவார். +2 என்றால் அவரே இரண்டு எடுத்துவிட்டு முறையை இழப்பார். ஸ்கிப் என்றால் அவரைத் தாண்டி அடுத்தவர். ரிவர்ஸ் என்றால் சீட்டு போட்டவரே முதலில் ஆடி, ஆட்டம் வலப்பக்கமாகப் போகும்.

கையில் உள்ள சீட்டையெல்லாம் முதலில் தீர்ப்பதுதான் குறிக்கோள். உங்கள் முறை வரும்போது மேலே கிடக்கும் சீட்டோடு நிறமோ எண்ணோ குறியோ ஒத்துப்போகும் ஒரே ஒரு சீட்டை இறக்கலாம். நீல ஸ்கிப்மேல் மஞ்சள் ஸ்கிப் போடலாம், குறி ஒன்றுதானே. கையில் இரண்டு 7 இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. பொருந்தும் சீட்டு இல்லையென்றால் ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த அந்தச் சீட்டு பொருந்தினால் அதையே உடனே இறக்கலாம், இல்லாவிட்டால் முறை அடுத்தவருக்கு. பொருந்தும்வரை எடுத்துக்கொண்டே இருப்பது வீட்டு விதி, ஆட்டம் இழுத்துக்கொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம். பொருந்தும் சீட்டு கையில் இருந்தும் வேண்டுமென்றே எடுக்கலாம், தவறில்லை. ஆனால் எடுத்த பிறகு புதுச் சீட்டைத்தான் இறக்கலாம், பழையதை இறக்கக் கூடாது. இதைத்தான் பெரியவர்களே தெரியாமல் மீறுகிறார்கள்.

ஸ்கிப் அடுத்தவரைத் தாண்டும். ரிவர்ஸ் ஆட்டத்தின் திசையைத் திருப்பும். இரண்டே பேர் ஆடினால் ரிவர்ஸும் ஸ்கிப் மாதிரிதான், இறக்கியவரே மறுபடி ஆடுவார். வைல்டை எப்போது வேண்டுமானாலும், பொருந்தும் சீட்டு கையில் இருந்தாலும், இறக்கி நிறத்தை மாற்றலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். மூன்று பேர் தாண்டியதும் "நீ பச்சைதான சொன்ன?" என்று ஆரம்பிக்கும்.

இனி +4. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இதை இறக்கியவர் வைல்ட் மாதிரியே நிறம் சொல்வார், அடுத்தவர் நான்கு சீட்டு எடுத்து முறையையும் இழப்பார். ஆனால் ஆட்டத்தில் நடக்கும் நிறம் உங்கள் கையில் ஒன்றுகூட இல்லாதபோதுதான் +4 இறக்கலாம். நிறத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். மேலே சிவப்பு 5 இருக்கிறது, உங்களிடம் நீல 5 இருக்கிறது, சிவப்பு இல்லை என்றால் +4 இறக்கலாம். ஒரு சிவப்பு இருந்தாலும் இறக்கக் கூடாது. இருந்தும் இறக்கினால்? இறக்கலாம், மாட்டிக்கொள்ளாத வரைக்கும். சீட்டு எடுக்க வேண்டியவருக்குச் சந்தேகம் வந்தால் "காட்டு" என்று கேட்கும் உரிமை உண்டு. அப்போது இறக்கியவர் தன் கைச்சீட்டை அவருக்கு மட்டும் காட்ட வேண்டும், வட்டத்துக்கே அல்ல. அந்த நிறம் இருந்தால் இறக்கியவரே நான்கும் எடுப்பார், கேட்டவர் எதுவும் எடுக்காமல் தன் முறையை ஆடுவார். சொன்ன நிறத்தை அப்படியே வைத்துத் தொடர்வது குழப்பமில்லாதது. நிறம் இல்லையென்றால், கேட்டவர் நான்கோடு இரண்டு சேர்த்து ஆறு எடுத்து முறையையும் இழப்பார்.

கேட்பதா வேண்டாமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேட்காவிட்டால் எப்படியும் நான்கு எடுக்கப் போகிறீர்கள். கேட்டுத் தோற்றால் கூட இரண்டுதான். ஜெயித்தால் நான்கும் மிச்சம். அதனால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சந்தேகம் இருந்தாலே கேட்பது லாபம். ஆட்டத் தொடக்கத்தில் ஏழு சீட்டோடு இருப்பவர் நிறம் பார்க்காமல் +4 போட்டால், மீதி ஆறில் அந்த நிறம் ஒன்றாவது இருக்க வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் நான்கு. உடனே கேளுங்கள். கையில் மிஞ்சுவது ஒரே சீட்டு என்றால் அது கால் பங்கைத் தாண்டாது, விட்டுவிடுங்கள். இடையில் இருக்கும்போது நினைவுதான் கைகொடுக்கும். போன சுற்றில் மஞ்சள் நடந்தபோது அவர் கட்டிலிருந்து எடுத்தாரா, மஞ்சளை இறக்கினாரா, வைல்ட் போட்டபோது எந்த நிறத்தைக் கேட்டார்? அவரே கேட்ட நிறம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரே +4 போட்டால் பெரும்பாலும் பொய்தான். எட்டு வயதுப் பிள்ளைகூட இதைக் கவனிக்கப் பழகிவிடும், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார வைக்க முடியாது.

அடுத்தது புள்ளி. ஒருவர் சீட்டு தீர்ந்து வெளியேறியதும் மற்ற எல்லார் கையில் மிஞ்சியதையும் கூட்டி அவருக்குக் கொடுக்க வேண்டும். எண் சீட்டுக்கு அதன் எண். ஸ்கிப், ரிவர்ஸ், +2க்கு 20. வைல்ட், +4க்கு 50. முதலில் 500 எட்டுபவர் வென்றவர். கடைசியாக இறக்கியது +2 அல்லது +4 என்றால் அடுத்தவர் அந்தச் சீட்டுகளை எடுத்த பிறகுதான் கூட்ட வேண்டும்.

கட்டில் உள்ள 76 எண் சீட்டுகளையும் கூட்டினால் 360தான் வரும். எட்டே எட்டு வைல்ட் வகைச் சீட்டுகளைக் கூட்டினால் 400. புள்ளி எழுதாமல் ஆடினால் வைல்டைக் கடைசிவரை பதுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம், நஷ்டமே இல்லை. புள்ளி எழுதினால் அதே சீட்டு கையில் கிடக்கும் ஒவ்வொரு சுற்றும் ஆபத்து. அடுத்தவரிடம் இரண்டு சீட்டு இருக்கும்போது இன்னும் வைத்திருப்பதா, இப்போதே தள்ளிவிடுவதா என்று யோசிக்க வேண்டும். புள்ளி நோட்டைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 20, 50 என்று கூட்டும் வேலையை அவர்கள் சண்டை போட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சீட்டைத் தொட்டா குடும்பம் உருப்படாது" என்று பிள்ளைகள் கையிலிருந்து கட்டைப் பிடுங்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பணம் வைத்து ரம்மி ஆடி வீடுகள் நாசமானது உண்மை, அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து காசு கைமாறாத ஓர் ஆட்டத்தை அதோடு சேர்த்துத் திட்டிவிட்டு, அதே பிள்ளைகளை ஆளுக்கொரு போனோடு மூலைக்கு அனுப்புவது எந்த நியாயம்? தாத்தாவும் பேத்தியும் சரிசமமாக மோதுவதற்கு வேறு எத்தனை ஆட்டம் நம்மிடம் இருக்கிறது?

சரி, விதிக்கே வருகிறேன். கடைசிக்கு முந்தின சீட்டை இறக்கும்போது "ஊனோ" என்று சொல்ல வேண்டும். சொல்லாததை, அடுத்தவர் தன் முறையைத் தொடங்கும் முன் யாராவது கண்டுபிடித்தால் இரண்டு சீட்டு தண்டம். அடுத்தவர் கை வைத்துவிட்டால் தப்பித்தார், அப்புறம் தோண்டக் கூடாது.

மின்விசிறிக்குக் கீழே தரையில் ஆடினால் மேல் சீட்டு பறந்து அடியில் இருப்பது தெரிந்துவிடும், எடுக்கும் கட்டைப் பெட்டியின் மூடிக்குள் வையுங்கள். மங்கலான வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும், மலிவான நகல் கட்டுகளில் பகலிலேயே அப்படித்தான். நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் நிறத்துக்கொரு குறி அச்சிட்ட பதிப்பு 2017லேயே வந்துவிட்டது. பிரெய்ல் புள்ளிகளோடும் 2019 முதல் கிடைக்கிறது. 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு இருக்கும், கோடு கீழே வருமாறு பிடித்துப் படிக்க வேண்டும்.

வீட்டு விதிகளை நான் வெறுப்பவன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆட்டமே விதிச் சண்டையில் பிறந்ததுதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரீடிங் என்ற ஊரில் சலூன் வைத்திருந்த மெர்ல் ராபின்ஸுக்கும் அவர் மகனுக்கும் கிரேஸி எயிட்ஸ் என்ற சீட்டாட்டத்தின் விதியில் தகராறு வந்தது. 1971இல் அவர் இதை உருவாக்கினார். குடும்பமே 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டு அடித்து, சலூனில் வைத்தே விற்க ஆரம்பித்தார்கள். மேட்டலிடம் வந்தது 1992இல்தான். +2 மேல் +2 அடுக்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு, 2023இல் வந்த 'நோ மெர்சி' பதிப்பில் அது முறையான விதியாகவே இருக்கிறது. 168 சீட்டு, கையில் 25 சேர்ந்தால் ஆளே அவுட். சாதாரணக் கட்டில் அடுக்கினால் மொத்தச் சுமையும் கையில் +2 இல்லாத ஒருவர்மேல் விழும், பெரும்பாலும் அது சின்னவர்தான். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

500 வரை ஆட நேரமில்லையென்றால் 200 என்று முன்பே பேசி வையுங்கள். அல்லது வென்றவருக்குக் கொடுக்காமல், அவரவர் கையில் மிஞ்சியதை அவரவர் பெயரிலேயே எழுதி வாருங்கள். யாராவது 500 தொட்டதும் நிறுத்தினால், குறைந்த புள்ளி உள்ளவர் வென்றவர். விதித்தாளிலேயே உள்ள மாற்று முறைதான் இது. ஒரே ஆள் தொடர்ந்து ஜெயிக்கும் வீட்டில் இதை முயன்று பாருங்கள்.