நகையை அடகு வைக்கும் முன்

பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டில் காலெடுத்து வைத்திருக்கும் மகளோடு ஒரு தம்பதி, அடுத்து என்ன படிக்கவைப்பது என்று என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். எம்.சி.ஏ. சேர்த்துவிடச் சொல்கிறாராம் பெங்களூர் தாய்மாமா. நகையை அடகு வைக்கவும் அம்மா தயார். "கவலைப்படாதீங்க" என்று ஆரம்பித்தவன், பெண்ணிடம் பேசியதும் நிறுத்திக்கொண்டேன். கோடிங் என்றாலே அவளுக்குக் கொட்டாவி. ஆய்வகத்தில், புலத்தை எடுத்த பிறகும் ஒரு பொருள் பழைய நிலையை விடாததைக் காட்டும் ஹிஸ்டெரிசிஸ் வளைவு வரையச் சாப்பாட்டையே விட்டவள். இவளை எம்.சி.ஏ.வுக்கு அனுப்புவது தவறு என்று நேராகவே சொன்னேன்.

அந்த வளைவை நம்பி ஒரு தொழிலே இருக்கிறது. மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத ஃபெரோஎலக்ட்ரிக் நினைவகம், சில மின்மீட்டர்களில்கூட உண்டு. உள்ளே மெல்லிய படல மின்தேக்கி. எழுதும்போது அதன் முனைவாக்கம், அதாவது உள்ளே நேர், எதிர் மின்னேற்றங்கள் விலகி நிற்கும் திசை, திரும்பும். திரும்பித் திரும்பிக் களைத்தும் போகும். பிளாட்டினம் மின்முனைகளுக்கு நடுவில் பி.இசட்.டி. (ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஆக்சைடு) படலம் வைத்தால், சில கோடித் தடவைக்குள் வளைவு சப்பையாகிவிடும். ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலியிடங்கள் மின்முனை ஓரம் குவிவதே முக்கியக் காரணம் என்பார்கள். 1990களில் ரூத்தீனியம் ஆக்சைடு, இரிடியம் ஆக்சைடு மின்முனைகளைப் போட்டதும் களைப்பு வெகுவாகத் தள்ளிப்போனது.

2011-ல் ஹாஃப்னியம் ஆக்சைடிலும் இந்த ஃபெரோஎலக்ட்ரிக் குணம் உண்டு என்று வெளியானது. தலைவலியும் கூடவே வந்தது. டைட்டானியம் நைட்ரைடு மின்முனை படலத்தின் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதனால் படலம் போடும் முன் மின்முனையின் மேற்பரப்பை ஓசோன் அல்லது பிளாஸ்மாவால் பக்குவப்படுத்திப் பார்க்கிறார்கள். அளவு மிஞ்சினால் நடுவில் வேண்டாத ஆக்சைடு ஏடு வளர்ந்துவிடும். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற பதம்தான். பொறுமையும் கைப்பக்குவமும் வேண்டும், இரண்டும் இவளிடம் இருக்கின்றன.

அப்புறம், செலவு. இதில் நான் கறார். பிடிக்காத படிப்புக்கு ஒரு கிராம் தங்கமும் அடகுக்கடைக்குப் போகக்கூடாது. ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம், விண்ணப்பம் செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். பிறகு கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. நெட் தேர்வு எழுதி, பிஎச்.டி. ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000. இப்படிப் படலம் போடுகிற, தூசி புகாத சுத்த அறை பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) இருக்கிறது. மாமா ஊர்தானே, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

"எத்தனை வருஷம் ஆகும்?" என்றார் அப்பா. பிஎச்.டி. வரை போனால் ஏழெட்டு. எம்.எஸ்சி., எம்.டெக்.கோடு நிறுத்தினால் நாலு. சாஃப்ட்வேர் மாதிரி கும்பலாக ஆள் எடுக்கிற துறையும் இல்லை, அதையும் மறைக்கவில்லை. அவர் யோசித்தார். மகள் அதற்குள் ஜாம் பாடத்திட்டத்தைப் போனில் திறந்திருந்தாள்.